கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட்: அண்ணா நகர் ஸ்கேன் மையம் ஒன்றின் சேவை குறித்த மதிப்புரை

சிறுநீரகம் பழுதுபட்ட ஒருவருக்குக் கல்லீரலில் கட்டி இருப்பது தெரியவந்தால், அடுத்து எந்த ஸ்கேன் எடுப்பது என்பது எளிதில் விடை கிடைக்கும் கேள்வி அன்று. சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் கலந்த மருந்து ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலியச் செய்யக்கூடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போடும் கடோலினியம் மருந்துகளில் பழைய வகைகள், சிறுநீரகம் மிகவும் செயலிழந்தவர்களுக்குத் தோல் இறுகிப்போகும் கடுமையான நோயை உண்டாக்கியது தெரியவந்தபின், புதிய வகைகளில் அந்த அபாயம் மிகக் குறைவு என்றாலும், மருத்துவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசித்தே எழுதுகிறார்கள். என் பெரியம்மாவுக்கு வழக்கமான வயிற்று ஸ்கேனில் கல்லீரலின் வலப்பக்கத்தில் சிறிய கட்டி ஒன்று தென்பட்டபோது, அவரைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் சிறுநீரக மருத்துவர் இவை இரண்டையும் விடுத்து, இரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி எடுக்கும் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் என்னும் ஸ்கேனைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சென்னையில் இந்தப் பரிசோதனை கிடைக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை என்பதால், அண்ணா நகரில் உள்ள ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் நாங்கள் பெற்ற சேவையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். குறை சொல்லும் இடங்களும் இருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளன். கருவியைப் பற்றிச் சொல்வதை என் தொழிலறிவைக் கொண்டும், மருந்தைப் பற்றிச் சொல்வதை அதன் தகவல் தாளிலும் மருத்துவ இதழ்களிலும் படித்தறிந்ததைக் கொண்டும் எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை சிறப்பானது, அதைச் செய்த கதிரியல் மருத்துவர் மிகச் சிறப்பானவர். ஆனால் அந்த மையம் இந்தப் பரிசோதனையை விளம்பரப்படுத்தும் விதம் நேர்மையானது அன்று. வரவேற்பறையில் வைத்திருந்த துண்டுப் பிரசுரத்தில், இது புற்றுநோய்ச் செல்களை மூலக்கூறு அளவிலேயே கண்டுபிடித்துக் காட்டும் அல்ட்ராசவுண்ட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு தொழில்நுட்பம் உலகில் இருக்கிறது. ஆனால் அந்த மையத்தில் பெரியம்மாவுக்குச் செய்தது அதுவன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் போகிறவர், பரிசோதனை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டதாக நினைத்து நிம்மதியடையவோ அஞ்சவோ நேரும் என்பதால், இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

பரிசோதனை எப்படி நடந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நான்கு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். கையில் நரம்பூசி போட்ட பின், செவிலியர் ஒரு சிறிய பெட்டியைப் பிரித்தார். அதில் வெள்ளைத் தூள் கொண்ட குப்பியும், 5 மில்லிலிட்டர் உப்பு நீர் நிரப்பிய சிரிஞ்சும் இருந்தன. பெட்டியின் மேல் சோனோவியூ என்ற பெயர் இருந்தது. குப்பியில் தூளுக்கு மேலே வெற்றிடமாகத் தெரியும் பகுதியில் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. உப்பு நீரை உள்ளே செலுத்தி இருபது நொடி பலமாகக் குலுக்கியதும், தூளில் உள்ள பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்புப் பொருள் அந்த வாயுவைச் சுற்றி மெல்லிய உறையாகப் படிந்து, குப்பி முழுவதும் நீர் கலந்த பால்போல் வெளுத்துவிட்டது. அந்த வெண்மை முழுவதும் நுண்குமிழிகள். ஒரு குமிழியின் சராசரி விட்டம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர், நம் இரத்தச் சிவப்பணு 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் இருக்கும். சிவப்பணு நுழையும் இடமெல்லாம் இந்தக் குமிழியும் நுழைந்துவிடும். நுரையீரலின் நுண்குழாய்களைக் கடந்து இதயத்தின் இடப்பக்கத்துக்கும், அங்கிருந்து கல்லீரலுக்கும் சேர்ந்துவிடும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "ஊசியில காத்து போனா ஆபத்துன்னு சொல்வாங்களே, டாக்டரம்மா?" என்று கேட்டார். நியாயமான அச்சம். மருத்துவர் கையில் எடுத்த சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "போற காத்து ஒரு சொட்டுத் தண்ணி அளவுகூட இல்லம்மா. அதுவும் நீங்க விடுற மூச்சுலயே வெளிய போயிடும்" என்று பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி. தயாரித்த கலவையில் ஒரு மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோலிட்டர் வாயுதான் குமிழிகளில் இருக்கிறது. கல்லீரலுக்குப் போடும் 2.4 மில்லிலிட்டரில் மொத்தம் இருபது மைக்ரோலிட்டர்கூடத் தேறாது. செலுத்திய வாயுவில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள்ளும், ஏறக்குறைய முழுவதும் பதினைந்து நிமிடத்துக்குள்ளும் மூச்சின் வழியே வெளியேறிவிடுவதாக மருந்தின் தகவல் தாள் சொல்கிறது. சிறுநீரகத்துக்கு இதில் வேலையே இல்லை. சிறுநீரக மருத்துவர் இதைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் இதுவே.

மருந்தைச் செலுத்திய விதத்தையும் கவனித்தேன். மெல்லிய ஊசியில் வேகமாக அழுத்தினால் குமிழிகள் உடைந்துவிடும் என்பதால், அகலமான ஊசியை முன்கூட்டியே போட்டிருந்தார்கள்; மூன்றுவழிக் குழாயின் நேர்வழியில் மருந்தும், பக்கவழியில் உப்பு நீரும் போகும்படி அமைத்திருந்தார்கள். செலுத்துவதற்குச் சற்று முன் குப்பியை மீண்டும் ஒருமுறை குலுக்கிக்கொண்டார்கள், ஏனெனில் வைத்த இடத்திலேயே இருந்தால் குமிழிகள் மேலே மிதந்து சேர்ந்துவிடும். இவை சிறிய செயல்களாகத் தெரியலாம். ஆனால் இவற்றில் ஒன்று தவறினாலும் படம் மங்கிப்போய், மருந்து போதவில்லை என்று இன்னொரு குப்பிக்குப் பணம் கட்ட நேரும். பழகிய கைகள் என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

கருவியின் திரையில் படம் இரண்டாகப் பிரிந்திருந்தது. வலப்பக்கம் நமக்குப் பழக்கமான சாம்பல் நிறக் கல்லீரல். இடப்பக்கம் ஏறக்குறைய முழு இருட்டு. திரையின் ஓரத்தில், ஒலியின் அழுத்தம் எவ்வளவு என்பதைக் காட்டும் மெக்கானிக்கல் இண்டெக்ஸ் 0.08 என்று இருந்தது. சாதாரண ஸ்கேனில் இந்த அளவு ஒன்றுக்கு மேலும் போகும். இங்கு அவ்வளவு அழுத்தம் கொடுத்தால் பார்க்க வேண்டிய குமிழிகளை அந்த ஒலியே உடைத்துவிடும் என்பதால் தணித்து வைக்கிறார்கள். ஒலி படும்போது குமிழி விரிவதும் சுருங்குவதும் சமமாக இருப்பதில்லை. சுருங்குவதைவிட அதிகமாக விரிகிறது. அதனால் அனுப்பிய அலைவரிசையோடு அதன் இரு மடங்கு அலைவரிசையிலும் எதிரொலி கிளம்புகிறது. கருவி ஒரு துடிப்பை அனுப்பி, அதையே தலைகீழாக்கி இன்னொரு துடிப்பையும் அனுப்பி, திரும்பி வரும் இரண்டையும் கூட்டுகிறது. தசையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வருபவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, குமிழியின் எதிரொலி மட்டும் எஞ்சுகிறது. இடப்பக்கத் திரை இருண்டிருந்ததன் காரணம், அதில் அந்த நேரம்வரை குமிழி எதுவும் இல்லாமையே.

மருந்து உள்ளே போனதும் மருத்துவர் கடிகாரத்தை ஓடவிட்டார். "மூச்ச மெதுவா விடுங்கம்மா, ஆழமா இழுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே, கையை அசைக்காமல் பிடித்திருந்தார். பத்துப் பதினைந்து நொடியில் கல்லீரல் தமனி கிளை கிளையாக ஒளிர்ந்தது. அடுத்துக் கட்டியின் விளிம்பில் மட்டும் ஆங்காங்கே திட்டுத் திட்டாக வெளிச்சம் தோன்றியது. நடுப்பகுதி இருட்டாகவே இருந்தது. பின்னர் அந்தத் திட்டுகள் உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. மூன்று நிமிடம் கடந்த பிறகும் கட்டி சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கவே இல்லை. விளிம்பிலிருந்து நடுவுக்கு நிரம்பி, கடைசிவரை மங்காமல் நிற்பது ஹெமான்ஜியோமா என்னும் தீங்கற்ற இரத்தக்குழாய்க் கட்டியின் இயல்பு. புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குப் பிந்தைய கட்டத்தில் சுற்றியுள்ள கல்லீரலைவிட இருண்டுபோகும். அவற்றுள்ளும் கல்லீரலிலேயே தோன்றும் புற்று சற்றுத் தாமதமாகவும் மெதுவாகவும் மங்கும், வேறிடத்திலிருந்து பரவி வந்தது விரைவாகவும் முற்றாகவும் மங்கும். நடுவிலிருந்து ஆரக்கால்கள்போல் விரிந்து நிரம்பும் தீங்கற்ற கட்டி வகையும் உண்டு. இவ்வளவும் நம் கண் முன்னே, நொடிக்குப் பல படங்களாக, தொடர்ச்சியாக ஓடுகிறது. குறிப்பிட்ட சில நொடிகளில் மட்டும் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனில் தவறிப்போகக்கூடிய அந்த முதல் ஒளிர்வு இதில் தவறுவதில்லை என்பது இந்த முறையின் பெரும் பலம்.

துண்டுப் பிரசுரத்தின் கூற்று ஏன் தவறு என்பதும் இதே காட்சியிலிருந்து விளங்கும். பெரியம்மாவின் உடலில் ஓடிய குமிழிகள் எதையும் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளவில்லை. இரத்தத்தோடு போய், இரத்தத்தோடு திரும்பின. சி.டி. மருந்து இரத்தக்குழாயிலிருந்து கசிந்து திசுக்களுக்கிடையிலும் பரவும். இந்தக் குமிழி அப்படிக்கூடக் கசிவதில்லை. ஆகவே மருத்துவர் பார்த்தது கட்டியின் இரத்த ஓட்டத்தை. கட்டியின் செல்களையோ, அவற்றின் மேலுள்ள புரதங்களையோ அன்று. அந்த ஓட்டத்தின் போக்கிலிருந்து கட்டியின் தன்மையை அறிவது அனுபவமிக்க மருத்துவரின் திறன்.

மூலக்கூறைத் தேடும் அல்ட்ராசவுண்ட் என்பது வேறு. அதற்குக் குமிழியின் உறையிலேயே, குறிப்பிட்ட ஒரு புரதத்தோடு பிணையும் பெப்டைடு என்னும் சிறு புரதத் துண்டையோ எதிர்ப்பொருளையோ பதிக்க வேண்டும். குமிழி இரத்தக்குழாயை விட்டு வெளியேறாது என்பதால், தேடும் புரதமும் இரத்தக்குழாயின் உட்சுவரிலேயே இருந்தாக வேண்டும். புற்றுக்கட்டி தனக்கென்று புதிய இரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும்போது அவற்றின் உட்சுவரில் வி.இ.ஜி.எஃப்.ஆர்.2 என்ற ஏற்பிப் புரதம் மிகுந்து காணப்படுகிறது. அழற்சி உள்ள இடத்தில் செலக்டின் வகைப் புரதங்கள் தோன்றுகின்றன. இப்படிப்பட்ட குமிழியைச் செலுத்திவிட்டு, உடனே பார்க்காமல், சுதந்திரமாகச் சுற்றும் குமிழிகள் நுரையீரல் வழியாகக் குறைந்துபோகும்வரை சில நிமிடம் காத்திருக்கிறார்கள். அதன் பிறகும் ஓரிடத்தில் ஒளி நிலைத்திருந்தால், அங்கே குமிழி ஒட்டியிருக்கிறது என்று பொருள். சந்தேகம் இருந்தால், பலமான ஒரு துடிப்பால் அந்த இடத்துக் குமிழிகளை உடைத்துவிட்டு மீண்டும் பார்க்கிறார்கள். புதிதாக வந்து சேர்பவை சுற்றும் குமிழிகள் மட்டுமே என்பதால், முன்பு இருந்த ஒளியிலிருந்து இதைக் கழித்தால் ஒட்டியிருந்தவற்றின் அளவு கிடைக்கிறது. எளிமையும் நுட்பமும் ஒருங்கே அமைந்த இந்த முறையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

ஆய்வுக்கூட விலங்குகளில் இது பல ஆண்டுகளாகச் செய்யப்படுகிறது. அங்கே ஒன்றோடொன்று இறுகப் பிணையும் பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற இணையைக் கொண்டு எதிர்ப்பொருளைக் குமிழியில் பொருத்தினார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் மனித உடலில் நோயெதிர்ப்பைத் தூண்டக்கூடியது என்பதால் அந்த வழி மனிதர்களுக்கு ஒத்துவராது. பெப்டைடை உறையோடு நேரடியாகப் பிணைத்த பி.ஆர்.55 என்ற குமிழி வந்த பிறகே மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. 2017-இல் வெளியான ஆய்வொன்றில், சூலகக் கட்டி உள்ள 24 பெண்களுக்கும் மார்பகக் கட்டி உள்ள 21 பெண்களுக்கும் இதைச் செலுத்திப் பார்த்தார்கள். பாதுகாப்பாக இருந்ததோடு, குமிழி ஒட்டிய இடங்கள் அறுவைக்குப் பின் திசுவில் கண்ட ஏற்பியின் அளவோடு பெரும்பாலும் பொருந்தின. புராஸ்டேட் புற்றிலும் இதே குமிழியை மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள். எனினும் இது இன்னும் ஆய்வு நிலையில் இருப்பது. ஸ்கேன் மையத்தில் பணம் கட்டி எடுத்துக்கொள்ளும் பரிசோதனை அன்று. மூலக்கூறு அளவிலான படம் இன்று நோயாளிக்கு நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் பெட் ஸ்கேனில்தான். அதில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை எந்தத் திசு அதிகம் உறிஞ்சுகிறது என்று உடல் முழுவதும் ஒரே முறையில் பார்க்கிறார்கள். கதிரியக்கமே இல்லாமல், படுக்கையருகே, குறைந்த செலவில் அதைச் செய்ய முடியுமென்றால் அது பெரும் பேறு. அதனாலேயே இந்த ஆராய்ச்சி விரைவில் கனிய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அதனாலேயே, கனியாததைக் கனிந்ததாகச் சொல்லி விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவும் முடியவில்லை. 1934-இலேயே பர்னார்டு கதிரியல் நிறுவனத்தைக் கண்ட ஊர் சென்னை. இங்குள்ள நோயாளிகளுக்கு உண்மையைச் சொன்னால் புரியாது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

மருத்துவரிடம் இதைப் பணிவாகக் கேட்டேன். அவர் சிறிதும் மழுப்பவில்லை. தாம் செய்தது இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பரிசோதனை என்றும், பிரசுரம் நிர்வாகத்தின் விளம்பரப் பிரிவு தயாரித்தது என்றும், தம்முடைய அறிக்கையில் அப்படி ஒரு சொல்லும் இராது என்றும் சொன்னார். அறிக்கையும் அவ்வாறே, ஒவ்வொரு கட்டத்திலும் கட்டி எப்படித் தோன்றியது என்பதை நொடிக் கணக்கோடு எழுதி, ஹெமான்ஜியோமாவுக்குரிய தோற்றம் என்று முடிந்திருந்தது. வரவேற்பறையில் இருந்தவரிடமும் பிரசுரத்தைத் திருத்தும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது குறை, ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்னும் பலகையைத் தமிழில் பெரிதாக மாட்டியிருப்பவர்களுக்கு, ஒவ்வாமை பற்றிய பகுதியைத் தமிழில் அச்சிடுவது கடினமன்று. இந்த மருந்துக்குக் கடும் ஒவ்வாமை அரிது; இத்தாலியில் 23,188 வயிற்றுப் பரிசோதனைகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில் கடுமையான விளைவு ஏற்பட்டது இருவருக்கு மட்டுமே, உயிரிழப்பு இல்லை. அரிது என்றாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். மருந்தில் மேக்ரோகால் என்ற பொருள் இருக்கிறது. குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் சில பேதி மருந்துகளிலும் அது உண்டு. அத்தகைய மருந்து குடித்துத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் சொல்ல வேண்டும். படிவத்தில் இவை இருந்தன. பெரியம்மாவால்தான் படிக்க முடியவில்லை. செவிலியர் வாய்மொழியாகக் கேட்டறிந்தார் என்பதையும், அவசர மருந்துத் தட்டு கைக்கெட்டும் தொலைவில் இருந்தது என்பதையும், ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்காரவைத்தே அனுப்பினார்கள் என்பதையும் குறிப்பிடாவிட்டால் அது நியாயமாகாது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மருந்துக் குப்பிக்குத் தனியாகவும் பரிசோதனைக்குத் தனியாகவும் பில் போட்டார்கள். சாதாரண வயிற்று ஸ்கேனோடு ஒப்பிட்டால் பல மடங்கு. செலவில் பெரும்பகுதி குப்பியின் விலை. முன்பதிவு செய்யும்போதே இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாவது குப்பி தேவைப்பட்டால் யார் கட்டுவது என்பதையும் கேட்க வேண்டும். மற்றபடி மின்தூக்கி, கழிப்பறை, உட்காரும் இடம் எல்லாம் முதியவர்களுக்கு ஏற்றபடி இருந்தன. வண்டி நிறுத்த இடமில்லை.

இந்தப் பரிசோதனை எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்லமாட்டேன். ஒரு ஊசியில் ஒரு கட்டியைத்தான் முதல் நொடியிலிருந்து தொடர்ந்து பார்க்க முடியும். பல கட்டிகள் இருந்தால் மற்றவற்றைப் பிந்தைய கட்டத்தில்தான் பார்க்கலாம், அல்லது மீண்டும் ஊசி போட வேண்டும். கல்லீரலில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், கட்டி மிக ஆழத்தில் உள்ளவர்களுக்கும், குடல் வாயு மறைப்பவர்களுக்கும் படம் தெளிவாக வராது. புற்று என்று உறுதியானபின் அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று அறிவதற்கு சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் பெட் ஸ்கேனும்தான். முதலில் ஒரு சாதாரண ஸ்கேன் எடுத்து, கட்டி தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே குப்பியைப் பிரிக்கும் மையமாகத் தேடிப் போக வேண்டும். நாங்கள் சென்ற இடத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

கடைசியாக, அறிக்கையோடு சில அசையாப் படங்களை மட்டுமே கொடுத்தார்கள். இந்தப் பரிசோதனையின் பயனே ஓட்டத்தில் இருப்பதால், முழுப் பதிவையும் கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் கேட்டதும் கூடுதல் கட்டணம் இல்லாமல் குறுந்தகட்டில் பதிந்து கொடுத்தார்கள். சிறுநீரக மருத்துவரும் அதைத் தம் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டிக்காக இனி வேறு ஸ்கேன் வேண்டாம் என்று சீட்டில் எழுதினார்.